ஐந்து டிபார்ட்மென்ட், ஒரே புராஜெக்ட்: சேர்ந்து வேலை செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஈசிஇ, சிஎஸ், மெக், சிவில், பயோடெக் என்று டிபார்ட்மென்டுக்கு ஒருவராகச் சேர்ந்து கடைசி வருட புராஜெக்ட் செய்யும் குழுக்களில், தனித்தனி வேலைகள் பெரும்பாலும் நன்றாகவே நடக்கும். சென்சார் லேபில் சரியாக அளக்கும், ஆப் லேப்டாப்பில் ஓடும், பெட்டி ஒர்க்‌ஷாப்பில் கச்சிதமாக நிற்கும். மூன்றையும் ஒன்றாக மாட்டும் நாளில்தான் எல்லாம் நின்றுபோகும். ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் வேலை தொடங்குகிற இடத்துக்கு யாரும் பொறுப்பேற்றிருக்க மாட்டார்கள் என்பதே காரணம். அதனால் இந்த வழிகாட்டியில் தலைமைப் பண்பு, ஊக்கம், குழு உணர்வு பற்றியெல்லாம் அதிகம் இருக்காது. அந்த எல்லைகளை எப்படிக் கையாள்வது என்பதுதான் இதன் பெரும்பகுதி.

பொதுவாகப் பேசினால் புரியாது என்பதால் ஒரு புராஜெக்டை எடுத்துக்கொள்வோம். ஒரு ஏரியின் நீர்மட்டத்தையும் தண்ணீரின் பிஎச் அளவையும் (அமில, காரத் தன்மை) தொடர்ந்து அளந்து, போனில் காட்டும் கருவி. பல கல்லூரிகளில் மாணவர்கள் விரும்பி எடுக்கும் தலைப்புதான். ஐந்து பேர், ஐந்து துறை.

முதல் படி: யாருக்காக, எதற்காக என்று ஒரு வரி

கருவி வாங்குவதற்கு முன், ஏன் குழுவுக்கு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, ஐந்து பேரும் சேர்ந்து ஒரு தடவை ஏரிக்குப் போய்விட்டு வாருங்கள். மதகு எங்கே இருக்கிறது, கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் இடம்) எங்கே, அளவுகோல் ஏதாவது ஏற்கெனவே நட்டிருக்கிறதா என்று பாருங்கள். மதகைத் திறந்து மூடுகிற பெரியவர் இருந்தால் அவரிடம் பேசுங்கள். அவருக்கு நொடிக்கு நொடி கிராஃப் தேவையில்லை. "கலங்கலுக்கு இன்னும் எத்தனை அடி பாக்கி?" என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்பார். அந்த ஒரு கேள்வி உங்கள் புராஜெக்டின் பாதி முடிவுகளைத் தீர்மானித்துவிடும்.

அனுமதியையும் அன்றே விசாரித்துவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் கீழும், அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்தின் கீழும் வரும். யாரிடம் கடிதம் கொடுப்பது என்பது இதைப் பொறுத்தது. ஹெச்ஓடி கையெழுத்துப் போட்ட கடிதத்துடன் போனால் வேலை சுலபமாகும். தண்ணீருக்குள் இறங்கும் வேலை எதையும் தனியாகச் செய்வதில்லை, லைஃப் ஜாக்கெட் இல்லாமல் செய்வதில்லை என்பதையும் இங்கேயே பேசி முடியுங்கள்.

திரும்பி வந்ததும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "இந்த ஏரியின் நீர்மட்டம் கலங்கல் உயரத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை 2 சென்டிமீட்டர் துல்லியத்தில், 15 நிமிடத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும், பிஎச் அளவு ஒரு நாளில் எப்படி மாறுகிறது என்பதும் தெரிய வேண்டும்." பின்னால் எந்தச் சண்டை வந்தாலும் இந்த வரியிடம்தான் தீர்ப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: எத்தனை பேர், யார் யார்

ஐந்து பேர் என்றால் இருவருக்கு இருவர் பேச வேண்டிய தொடர்புகள் 10. எட்டுப் பேர் என்றால் 28. ஆள் சேரச் சேர வேலை குறைவதைவிடப் பேச்சு வேகமாகக் கூடும். மத்திய அரசு மாணவர்களுக்கு நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் போட்டியில் ஒரு அணிக்கு ஆறு பேர், அதில் குறைந்தது ஒரு பெண் என்பது விதி. நாலிலிருந்து ஆறு வரை என்பது கல்லூரிப் புராஜெக்டுக்கும் சரியான அளவு என்பேன்.

நண்பர்களாகப் பார்த்துச் சேர்வதில் தப்பில்லை. ஆனால் "அவனுக்கு எல்லாம் தெரியும்டா" என்று ஒருவனை நம்பி மற்ற துறைகளை விட்டுவிடாதீர்கள். நம் உதாரணத்தில் சிவில் ஆள் இல்லாவிட்டால் நீர்மட்டம் என்றால் எங்கிருந்து அளப்பது என்ற கேள்வியே எழாது. அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று அடுத்துப் பார்ப்போம்.

மூன்றாம் படி: ஒரே சொல், ஐந்து அர்த்தம்

முதல் கூட்டத்தில் பிளாக் டயகிராம் வரையாதீர்கள். ஒவ்வொருவரும் தன் துறையில் ஒரு அளவை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று பேசவிடுங்கள். நீர்மட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈசிஇ மாணவிக்கு அது அல்ட்ராசோனிக் சென்சாரிலிருந்து (ஒலியை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தூரம் அளப்பது) தண்ணீர்வரை உள்ள தூரம். தண்ணீர் ஏறினால் இந்த எண் குறையும். சிவில் மாணவனுக்கு அது ஒரு நிலையான புள்ளியிலிருந்து கணக்கிட்ட உயரம், தண்ணீர் ஏறினால் எண்ணும் ஏறும். அவன் அடியில் பேசுவான், ஏனென்றால் மேட்டூர் 120 அடி, செம்பரம்பாக்கம் 24 அடி என்றுதான் இங்கே எல்லோரும் பேசுகிறார்கள். சிஎஸ் ஆளுக்கு அது வெறும் ஒரு எண், எந்த அலகு என்று யாரும் சொல்லாவிட்டால் அப்படியே திரையில் காட்டிவிடுவான். பயோடெக் மாணவிக்கோ மட்டத்தைவிட ஆழம்தான் முக்கியம்.

இதைப் பேசாமல் விட்டால் மழைக்காலத்தில் ஏரி நிரம்பும்போது ஆப்பில் கோடு கீழே இறங்கும். ரிவ்யூவில் சார் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அலகுக் குழப்பம் கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் வருவதல்ல. 1999 செப்டம்பரில் நாசா தன் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலத்தை இழந்தது. ஒரு தரப்பின் மென்பொருள் பவுண்டு-விசை நொடியில் எண்களைக் கொடுத்தது, மறு தரப்பு அதை நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் வித்தியாசம் 4.45 மடங்கு. இரு பக்கமும் தங்கள் கணக்கைத் தாங்கள் ஒழுங்காகப் போட்டவர்கள்தான்.

நான்காம் படி: எல்லைத் தாள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு கூகுள் ஷீட் திறந்து, யாரிடமிருந்து யாருக்கு என்ன போகிறது என்று வரிவரியாக எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் அனுப்புபவர், பெறுபவர், என்ன, எந்த அலகில், எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை, தப்பாக வந்தால் என்ன ஆகும் என்ற விவரம் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் படித்து ஒப்புக்கொண்டு பெயர் போட்டால்தான் அந்த வரி செல்லும். நம் ஏரிப் புராஜெக்டில் எழுத வேண்டியவற்றில் சில:

சென்சாருக்கும் போர்டுக்கும் நடுவே மின்னழுத்தம். மலிவான ஹெச்சி-எஸ்ஆர்04 போன்ற அல்ட்ராசோனிக் சென்சார்கள் 5 வோல்ட்டில் பதில் அனுப்பும், சென்சாரின் எண்ணைப் படிக்கும் ஈஎஸ்பி32 போர்டின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட வேண்டும். இது ஈசிஇ மாணவிக்குள்ளேயே முடிகிற வேலை, ஆனாலும் எழுதி வையுங்கள். அவள் ஊருக்குப் போயிருக்கும் நாளில் வேறு யாராவது கம்பியை மாற்றி மாட்டுவார்கள்.

வெப்பநிலை. ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர், 35 டிகிரியில் சுமார் 352. புரோகிராமில் 343 என்றே வைத்துவிட்டால், நண்பகல் வெயிலில் 3 மீட்டர் தூரத்தை 8 சென்டிமீட்டர் குறைவாகக் காட்டும். தண்ணீர் 8 சென்டிமீட்டர் ஏறிவிட்டது போலத் தெரியும். நாம் கேட்டது 2 சென்டிமீட்டர் துல்லியம். ஆகவே வெப்பநிலை சென்சார் ஒன்று கூடுதலாக வேண்டும். இதை யார் கவனித்திருக்க வேண்டும்? ஈசிஇயா, சிவிலா? துல்லியம் எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர், பிழை எங்கிருந்து வரும் என்று தெரிந்தவர் இன்னொருவர். இருவரும் ஒரே தாளைப் பார்க்காவிட்டால் இது வெளியே தெரியவே தெரியாது.

பெட்டி. மெக் மாணவன் உறுதியாக இருக்கட்டும் என்று அலுமினியத்தில் செய்வான். உலோகப் பெட்டிக்குள் ஆன்டெனா இருந்தால் சிக்னல் வெளியே போகாது. ஐபி67 என்று போட்டிருக்கும் பெட்டி ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். கம்பி நுழையும் ஓட்டையை யாராவது டிரில் போட்டுத் துளைத்துவிட்டால் அந்தக் கணக்கும் போயிற்று. எத்தனை கம்பி, எந்தப் பக்கம், எவ்வளவு தடிமன் என்று ஈசிஇ முன்னாலேயே சொல்ல வேண்டும்.

மிதவையா, கம்பமா. இதுதான் எனக்குப் பிடித்த சிக்கல். பிஎச் புரோப் எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், காய்ந்தால் கெட்டுவிடும். அதனால் பயோடெக் மாணவி "மிதக்கட்டும்" என்பாள். ஆனால் அல்ட்ராசோனிக் சென்சார் மிதவையில் இருந்தால் தண்ணீரோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்கும், தூரம் மாறவே மாறாது, நீர்மட்டமே தெரியாது. அது மதகுக் கட்டுமானத்திலோ கம்பத்திலோ அசையாமல் இருக்க வேண்டும். இரண்டு பேர் சொல்வதும் சரி. தீர்வு: சென்சார் கம்பத்தில், புரோப் மட்டும் தனி மிதவையில், நடுவே தளர்வான கேபிள். எந்த ஒரு துறையும் தனியாக யோசித்து இந்த அமைப்புக்கு வந்திருக்காது. பல துறை சேர்ந்து செய்வதில் உண்மையான லாபம் இந்த மாதிரி இடத்தில்தான் கிடைக்கிறது.

நேரம். சர்வர்கள் பெரும்பாலும் சர்வதேச நேரத்தில் பதிவு செய்யும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். பாசி நிறைந்த ஏரியில் பிஎச் விடியற்காலையில் குறைவாகவும் பிற்பகலில் அதிகமாகவும் இருக்கும், ஏனென்றால் பகலில் ஒளிச்சேர்க்கை தண்ணீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கிறது. பிற்பகல் மூன்றரை மணி உச்சம், மாற்றாத கிராஃபில் காலை பத்து மணி என்று நிற்கும். பயோடெக் மாணவி உயிரியல் விளக்கம் தேடி நூலகத்தில் உட்கார்ந்திருப்பாள். உண்மையில் சிஎஸ் மாணவன் ஒரு வரி சேர்த்தால் போதும்.

மின்சாரம். சிஎஸ் ஆளுக்கு நொடிக்கு ஒரு தடவை தரவு வந்தால் ஆப் உயிரோட்டமாக இருக்கும். ஆனால் மொபைல் நெட்வொர்க் வழியாகத் தரவை அனுப்பும் ஜிஎஸ்எம் மாட்யூல், சிக்னல் அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் நாளைக்கு 96 தடவைதான் விழிக்க வேண்டும், மீதி நேரம் தூங்கலாம், சின்ன சோலார் பேனலே போதும். ஸ்டட்சாட் என்ற மாணவர் செயற்கைக்கோளை ஏழு பொறியியல் கல்லூரிகளின் மாணவர்கள் சேர்ந்து செய்தார்கள், 2010 ஜூலை 12 அன்று பிஎஸ்எல்வி-சி15 அதை ஏற்றிச் சென்றது. மொத்த எடை ஒரு கிலோவுக்குள். அப்படிப்பட்ட வேலையில் யாருக்கு எத்தனை கிராம், எத்தனை மில்லிவாட் என்று பங்கு போடாமல் ஒரு அடி நகர முடியாது. உங்கள் பேட்டரியையும் அதே மாதிரிப் பங்கு போடுங்கள். (கொசுறு: 2ஜி மாட்யூலில் ஜியோ சிம் வேலை செய்யாது. வாங்கிய பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.)

பராமரிப்பு. புரோபில் பாசி படியும். பிஎச் அளவு முன்பே தெரிந்த பஃபர் கரைசலில் வைத்து அவ்வப்போது அளவு சரிபார்க்க வேண்டும். யார் போவது, எந்தக் கிழமை? இதுவும் தாளில் ஒரு வரிதான்.

ஐந்தாம் படி: பொய்யான எண்ணிலிருந்து தொடங்குங்கள்

"போர்டு வரட்டும், அப்புறம் ஆப் ஆரம்பிக்கிறேன்" என்று காத்திருக்கும் பழக்கம்தான் ஆறு மாத புராஜெக்டைக் கடைசிப் பத்து நாளுக்குத் தள்ளுகிறது. எல்லைத் தாள் எழுதியாகிவிட்டது என்றால் காத்திருக்கத் தேவையில்லை. சென்சார் என்ன வடிவில் எண் அனுப்பும் என்பது தெரியும், ஆகவே சிஎஸ் மாணவன் தானே பொய்யான எண்களை உருவாக்கி ஆப்பைச் சோதிக்கலாம். மெக் மாணவன் போர்டின் அளவுக்கு அட்டை வெட்டி வைத்துப் பெட்டி செய்யலாம். சிவில் மாணவன் ஏரியில் ஒரு அளவுகோலை நட்டுக் கையால் அளந்து எழுதத் தொடங்கலாம். அந்தக் கையளவுதான் பின்னால் கருவி சரியா என்று சொல்லும் சாட்சி.

முதல் மாத முடிவில், எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும், மொத்தத்தையும் ஒரு தடவை ஒட்டிப் பாருங்கள். ஒரு பக்கெட் தண்ணீர், பிரெட்போர்டில் சென்சார், திரையில் ஒரே ஒரு எண். அழகு எதுவும் வேண்டாம். பக்கெட்டில் தண்ணீர் ஊற்றினால் போனில் எண் ஏறுகிறதா? ஏறினால் ஐந்து துறையும் இணைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வருவதெல்லாம் மேம்படுத்தும் வேலை. பிரச்சினை இருந்தால் அதைச் சரிசெய்யவும் அவகாசம் இருக்கிறது.

ஆறாம் படி: காலண்டர்

ஐந்து டிபார்ட்மென்ட் என்றால் ஐந்து டைம்டேபிள். இன்டர்னல் தேர்வு, லேப், பிளேஸ்மென்ட், அரியர் இருப்பவர்களின் தேர்வுத் தேதி எல்லாவற்றையும் ஒரே காலண்டரில் போடுங்கள். எல்லோரும் ஃப்ரீயாக இருக்கும் நேரம் வாரத்துக்கு இரண்டு மணிதான் தேறும் என்று அப்போது தெரியும். அந்த இரண்டு மணியை எல்லைகளைப் பற்றிப் பேச மட்டும் பயன்படுத்துங்கள், தனித்தனி வேலையைத் தனியாகச் செய்யலாம். பஸ்ஸில் வந்துபோகிறவர்கள் இருந்தால் சாயங்காலம் ஆறு மணிக் கூட்டம் அவர்களை வெளியே தள்ளிவிடும், ஹாஸ்டல்காரர்கள் இதை மறந்துவிடுவார்கள். ஆர்டர் செய்த பிசிபி (சர்க்யூட் போர்டு) வந்துசேரும் நாளையும் வடகிழக்குப் பருவமழையையும் காலண்டரில் எழுதுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை ஏரி நிரம்புவதைப் பதிவு செய்யாவிட்டால் அப்புறம் இறங்குகிற கோடு மட்டும்தான் கிடைக்கும்.

வாட்ஸ்அப்பில் பேசுங்கள், ஆனால் முடிவுகளை வாட்ஸ்அப்பில் வைக்காதீர்கள். குட் மார்னிங் படத்துக்கும் மீமுக்கும் நடுவே "பின் 5 வேண்டாம், 18" என்ற செய்தி புதைந்துபோகும். முடிவு எடுத்த நாள், என்ன முடிவு, ஏன் என்று மூன்று விஷயம் மட்டும் ஷீட்டின் இரண்டாம் பக்கத்தில் எழுதினால் போதும். ரிப்போர்ட் எழுதும்போது பாதி அத்தியாயம் அங்கேயே தயாராக இருக்கும்.

பணம் பற்றி ஒரு பத்தி

சங்கடப்பட்டுப் பேசாமல் விடுகிற விஷயம் இது. எல்லோராலும் ஒரே அளவு போட முடியாது. முதல் கூட்டத்திலேயே மொத்தச் செலவு தோராயமாக எவ்வளவு, ஆளுக்கு அதிகபட்சம் எவ்வளவு என்று வரம்பு வையுங்கள். ஒருவர் மட்டும் பணத்தை வைத்திருக்கட்டும், வேறொருவர் கணக்கு எழுதட்டும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் பத்து ரூபாய் ரெசிஸ்டருக்கும் பில்லைப் போட்டோ எடுத்து ஷீட்டில் சேருங்கள். டிபார்ட்மென்டிலிருந்து பணம் திரும்பக் கிடைக்க வாய்ப்பு இருந்தால் பில் இல்லாமல் எதுவும் நடக்காது.

ஏழாம் படி: வேலை செய்யாத ஆள்

எல்லாக் குழுவிலும் வரும். தேர் வடத்தைப் பிடித்திருக்கும் கூட்டத்தில் எல்லோருமா இழுக்கிறார்கள்? பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் 1913-ல் வெளியிட்ட ஆய்வில் இதை அளந்தே காட்டினார்: கயிறு இழுக்கும் ஆட்கள் கூடக் கூட, தலைக்கு இழுக்கும் விசை குறைந்தது. பின்னாளில் உளவியலாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். யார் எவ்வளவு செய்தார் என்பது தனித்தனியாகத் தெரிந்தால் இந்தத் தளர்ச்சி குறைகிறது. எல்லைத் தாளில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் இருக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். "நாமெல்லாம் பார்த்துக்குவோம்" என்று எழுதிய வரியை யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆனாலும் ஒருவர் வராமலே இருந்தால், முதலில் ஒரே ஒருவர், நெருக்கமானவர், தனியாகப் போய்க் கேட்கட்டும். குரூப்பில் வைத்துக் கேட்காதீர்கள். வீட்டில் பிரச்சினை, பகுதிநேர வேலை, கோடிங் புரியாமல் சொல்ல வெட்கம் என்று காரணம் வேறாக இருக்கும். வேலையைச் சின்னதாக வெட்டிக் கொடுங்கள்: "ஆப்பை முடி" என்பதற்குப் பதில் "வெள்ளிக்கிழமைக்குள் நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டு". அதுவும் இரண்டு தடவை தவறினால் கைடிடம் சொல்லுங்கள். புகாராகச் சொல்ல வேண்டாம். "சார், இந்த வரிக்கு ஆள் இல்லை, நாங்கள் இப்படி மாற்றிப் பிரிக்கலாமா?" என்று தாளைக் காட்டினால் போதும். கடைசி ரிவ்யூ வரை பொறுத்துவிட்டு அன்றைக்கு வெடிப்பதுதான் எல்லோருக்கும் நஷ்டம்.

இன்னொரு வகை ஆளும் உண்டு, அவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எல்லாவற்றையும் தானே ராத்திரி உட்கார்ந்து முடித்துவிடுகிறவர். காலையில் மற்றவர்களின் புரோகிராம் மாறியிருக்கும், பெட்டியில் புது ஓட்டை இருக்கும். இவரால் வரும் சேதம் வேலை செய்யாதவரால் வருவதைவிட அதிகம் என்பது என் கட்சி. அடுத்தவர் வரியை மாற்ற வேண்டுமானால் அவரிடம் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும் என்ற ஒரே விதியை வைத்து இவரைக் கட்டிப்போடலாம்.

எட்டாம் படி: கருத்து மோதல்

துறைகளுக்கு இடையே மரியாதைப் பிரச்சினையும் கொஞ்சம் இருக்கும். "சிவில்காரனுக்கு என்ன தெரியும்", "இவங்க டைப் அடிக்கத்தானே செய்யறாங்க" என்ற கிண்டல் கேன்டீனில் சரி, கூட்டத்தில் சரிப்படாது. வாக்கெடுப்பும் வேண்டாம், மூன்று பேர் சேர்ந்தால் தப்பான முடிவும் ஜெயித்துவிடும். சோதித்துப் பார்க்க முடிகிற விஷயமென்றால் சோதியுங்கள். பிளாஸ்டிக் பெட்டி வெயிலில் சூடாகிவிடும் என்கிறான் மெக் மாணவன், ஆகாது என்கிறாள் ஈசிஇ மாணவி. மொட்டை மாடியில் பெட்டிக்குள் தெர்மாமீட்டரை வைத்து மதியம் போய்ப் பார்த்தால் விஷயம் முடிந்தது. சோதிக்க முடியாத விஷயத்தில், பின்விளைவை யார் சுமக்கப் போகிறாரோ அவர் சொல்வது முடிவு. புரோபைச் சுத்தம் செய்யப் போகிறவர் பயோடெக் மாணவி என்றால், அதை எந்த உயரத்தில், எப்படிக் கழற்றுவது மாதிரி மாட்ட வேண்டும் என்பதை அவளே சொல்லட்டும்.

கடைசிப் படி: ரிப்போர்ட், வைவா, ஒப்படைப்பு

ரிப்போர்ட்டைத் துறைவாரியாக ஐந்து துண்டாக எழுதி ஒட்டினால் ஐந்து புராஜெக்ட் போலத்தான் இருக்கும். ஒரு அளவீட்டின் பயணமாக எழுதுங்கள்: தண்ணீரிலிருந்து சென்சார், போர்டு, சர்வர், திரை, கடைசியில் அந்தப் பெரியவரின் கேள்விக்குப் பதில். வைவாவுக்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து ஒவ்வொருவரும் பக்கத்து ஆளின் பகுதியை விளக்கிப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் சிஎஸ் மாணவனிடம்தான் "சென்சாரை ஏன் மிதவையில் வைக்கவில்லை?" என்று கேட்பார்.

யார் என்ன செய்தார் என்று ஒரு பக்கம் சேருங்கள். ஆய்விதழ்களில் இதற்கு கிரெடிட் என்ற முறை இருக்கிறது, பங்களிப்பை 14 வகையாகப் பிரிக்கும்: கருத்து, மென்பொருள், தரவு பராமரிப்பு, சரிபார்ப்பு, நிதி என்று. உங்களுக்கு ஐந்தாறு வகை போதும். வெயிலில் நின்று அளவுகோலைப் பார்த்து எண் எழுதிய வேலைக்கும் அதில் ஒரு வரி கொடுங்கள்.

அப்புறம் கருவி யாருக்கு என்பதை முடிவு செய்யுங்கள். ஏரியிலேயே விட்டுவிட்டுப் போனால் சிம் ரீசார்ஜ் யார் செய்வது? ஜூனியர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் பாஸ்வேர்ட், சர்க்யூட் படம், எல்லைத் தாள் மூன்றையும் கொடுத்து, அவர்களை ஒரு தடவை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் கழற்றிக்கொண்டு வந்துவிடுங்கள், லித்தியம் பேட்டரியைக் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள். அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு, கருவியை எடுத்துவிட்டோம் என்று ஒரு கடிதமும், சேர்ந்த அளவீடுகளின் ஒரு பிரதியும் கொடுத்துவிடுங்கள்.